நாற்பத்தோராம் ஜாடி

விலங்கியல் ஆய்வகம், தெற்குச் சுவர், மூன்றாம் தட்டு.
நட்சத்திர மீனுக்கும் இரட்டைத் தலை ஆட்டுக்குட்டிக்கும் நடுவே
தலைகீழாக மிதக்கிறது.
சீட்டில் சாய்ந்த கையெழுத்து:
பல்லி. அந்தமான். வேறெங்கும் இல்லை. நிறம்: பச்சை.
சேகரித்தவர்: சே. லூர்துநாதன்.

பச்சை என்பதை நான் நம்பியதில்லை.
உரித்த பனங்கிழங்கின் நிறம் அதற்கு.
முதுகில் சிவப்புப் பொட்டு இருந்த இடமெல்லாம்
மையழிந்த ரப்பர் முத்திரை.

ஆடிக்கொரு தடவை ஸ்பிரிட் ஊற்றுவது என் வேலை.
மூடிக்கு மெழுகு பூசுவது,
முதலாண்டுப் பிள்ளைகள் 'அய்யே' என்று பின்வாங்கினால்
ஜாடியைக் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பது.

போன வாரம், ஆய்வுக்குழு வருகிறதென்று
பழைய இருப்புப் பதிவேட்டைத் தேடச் சொன்னார் வள்ளிமயில் மேடம்.
செல்லரித்த பக்கத்தில் அதே சாய்ந்த எழுத்து:
பகலில் திரிவது. பூந்தேன் நக்கும்.
வாழைக் குருத்தைவிடப் பச்சை.
ஸ்பிரிட்டில் நிறம் இறங்குகிறது. திரவத்தை மாற்ற வேண்டாம்.

மாற்ற வேண்டாம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம்,
எல்லாம் கலங்கிக் கிடக்கிறதே என்று
நல்ல பெயர் வாங்கும் ஆசையில்
ஒவ்வொன்றாய்த் தொட்டியில் கொட்டினேன்.
ஒன்று மட்டும் வெளிர்பச்சையாய் ஓடியது.
பாசி என்று நினைத்து
குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

தொட்டியிலிருந்து பின்சந்து. சந்திலிருந்து சாக்கடை.
சாக்கடை, பெயரில் மட்டும் நதியான கிருதுமாலுக்கு.
ஒரு தீவின் பச்சை
கீரைத்துறைப் பாலத்தடியில் சோப்பு நுரையோடு
கடல் இருக்கும் பக்கமாய்த்தான் போயிருக்கும்.
போய்ச் சேர்ந்திருக்காது.

பச்சை மேனி. இமைக்காத கண்.
இந்த ஊரில் அதற்குமேல் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.
குழுவுக்கு விளக்க வேண்டும்.
புதுச் சீட்டு எழுதி ஒட்டச் சொல்லிவிட்டு மேடம் கிளம்பிவிட்டார்.
நிறம் என்ற இடத்தில் என்ன போட?

மணி ஏழு. கரண்ட் போய் வந்தது.
டியூப்லைட் அடியிலிருந்து சுவர்ப்பல்லி ஒன்று இறங்கி
ஜாடியின்மேல் வயிறு ஒட்டி நின்றது.
நடுவே ஒரு நகக்கனம் கண்ணாடி.
ச்சு ச்சு என்றது.
கிழக்கே சொன்னால் இன்னது, தெற்கே சொன்னால் இன்னது என்று
காலண்டர் பின்பக்கம் பலன் போட்டிருக்கும்.
எடுத்துப் பார்க்கவில்லை.

பச்சை என்றே எழுதினேன்.
சேகரித்தவர்: சே. லூர்துநாதன்.
அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில்,
கொட்டியவர்: சோ. ஒச்சப்பன்.