சாக்கு

கம்மனஹள்ளியில் மூன்றாம் மாடி.
லிஃப்ட் இல்லாத கட்டடம்.
எனக்குத் தொழிலே லிஃப்ட் ரிப்பேர்.
பெனிட்டாவுக்கு ஒவ்வொரு படியும் ஒரு மாடி.
எண்ணிக்கொண்டே ஏறுவாள்.
ஐம்பத்துநான்காம் மாடியில் செருப்பைக் கழற்றுவோம்.

ஸ்பூர்த்தி மிஸ் நல்லவர்,
இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
ரோட்டோரம் வந்தால் நிற்க வேண்டும் என்று
என் மகள் கற்றது இங்கேதான்.
ஹெண்ணூர் ரோட்டில் ஒருமுறை
கை நழுவி ஓடினாள்.
அந்தத் தண்ணீர் லாரியின் நம்பர்
இன்னும் எனக்கு மனப்பாடம்.

நீல நாற்காலி. குட்டி மேசை.
ஐந்து நட்சத்திரம் ஒட்டுகிற அட்டை.
மூக்கைத் தொடு: ஒன்று.
கை தட்டு: இரண்டு.
என்னைப் பார்.
என்னைப் பார்.
என்னைப் பார்.
மூன்றாவது நட்சத்திரத்துக்கு மட்டும்
எப்போதும் நேரமாகும்.
ஐந்தும் சேர்ந்தால் சோப்புக் குமிழி.
மணிக்கு எண்ணூறு ரூபாய்.

கதவுக் கண்ணாடி வழியாக நான் பார்ப்பேன்.
லிஃப்டுக்குள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை.
பேங்க் மேனேஜரும் பால் பாக்கெட் பையனும்
மேலே ஓடும் எண்ணைத்தான் பார்க்கிறார்கள்.
அவர்களுக்கு யாரும் குறி போடுவதில்லை.

முதலில் பார்த்த டாக்டர் சொன்னது வேறு:
வீட்டில் ஒரே பாஷை போதும், இங்கிலீஷ் பேசுங்கள்.
ஆரோக்கியமேரி அன்றிரவு அவளைத் தட்டித் தூங்கவைத்தபடி
தெரிந்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தாள்.
குட் நைட்.
தேங்க்யூ.
நெக்ஸ்ட் ஸ்டாப்.
அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை.
பத்து நாள் எங்கள் வீடு ஊமை வீடு.

போன வியாழக்கிழமை
ட்யூப்லைட் 'ங்ங்' என்று இரைந்துகொண்டிருந்தது.
எனக்கு அது கேட்டது, ஏனென்றால் அது என் தொழில்.
அவளுக்கு அது கேட்டது, ஏனென்றால்
எதுவுமே அவளுக்குக் கேட்காமல் இருப்பதில்லை.
விரல்கள் காதோரம் படபடத்தன.
கை மடியில், என்றாள் பயிற்சிக்கு வந்த புதுப்பெண்.
மடிக்குப் போன கை மறுபடி காதுக்கு வந்தது.
கை மடியில்.

மூடாத லிஃப்ட் கதவை
அழுத்திச் சாத்தச் சொல்லி அவசரப்படுத்துவார்கள்.
நான் குனிந்து தடத்தைத்தான் பார்ப்பேன்.
ஒரு கடலைத் தோல் கிடக்கும், இல்லை ஹேர்பின்.

பெனிட்டா நாற்காலியிலிருந்து எழவில்லை, கத்தவில்லை.
அட்டையை ஒரே விரலால் தள்ளிவைத்தாள்.
"சாக்கு" என்றாள்.

ஏழு வயதில்
யார் சொல்லியும் சொல்லாத ஒரு சொல்.
செவ்வாய்க்கிழமை காவேரித் தண்ணீர் வரும்போது
பக்கத்துவீட்டு கௌரம்மா, டிரம் நிறைந்ததும்,
மோட்டார்காரனைப் பார்த்துக் கத்துவார்: சாக்கு, சாக்கு!
கன்னடத்தில் போதும்.
எங்களுக்கு அது கோணிப்பை.
அந்த டிரம் பக்கத்தில் நின்று
இத்தனை நாளும் எடுத்துவைத்திருக்கிறாள்,
நட்சத்திரம் வாங்காமல்.

புதுப்பெண் தாளில் கழித்தல் குறி போட்டாள்.
'மறுப்பு' என்றொரு கட்டம் இருக்கிறது அதற்கு.
ஸ்பூர்த்தி மிஸ் தாளை வாங்கிப் பார்த்தார்.
குறியை அடிக்கவில்லை.
பக்கத்தில் எதையோ எழுதிவிட்டு
விளக்கை அணைத்தார்.
தரையில் உட்கார்ந்தார், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு.
போகும்போது படித்தேன்:
கேட்டாள். கொடுத்தேன்.

அதிசயம் என்று நினைத்துவிடாதீர்கள்.
இப்போது பல் தேய்க்கச் சாக்கு,
குளிக்கச் சாக்கு, ஸ்கூல் பஸ்ஸுக்குச் சாக்கு,
ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில், சாமியார் பிரசங்கத்துக்கு,
கோவில் முழுக்கக் கேட்கிற மாதிரி.
நல்ல சாக்குப்போக்கு கற்றுக்கொண்டாள் உன் மகள்
என்கிறாள் ஆரோக்கியம்.
சிரிக்கிறாளா திட்டுகிறாளா, தெரியவில்லை.
எதற்குச் சரி என்பது, எதற்குப் பிடிவாதம் பிடிப்பது,
எங்களுக்கும் இன்னும் தெரியவில்லை.

இன்று இறங்கும்போது
பதினேழாம் மாடியில் நின்றாள்.
"சாக்கு."
உட்கார்ந்துவிட்டோம், படியிலேயே, இரண்டு பேரும்.
அவள் விரல்கள் காதோரம் பறக்கின்றன.
கீழே ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கிறார்.
வெயிட்டிங் சார்ஜ் கேட்பார்.
அடிக்கட்டும்.