முப்பத்தெட்டு சென்டிமீட்டர்

புதுப் பதிப்பு இறங்கியதிலிருந்து
எனக்காக என் செயலியே வாசித்துவிடுகிறது.
நூற்றுப் பன்னிரண்டு செய்தியோடைகள்,
காபி ஆறுவதற்குள் நான்கே வரிகள்.
ஔலு காகித ஆலையில்
இரவுப் பணி முடித்தவளுக்கு அது போதும்
என்றுதான் இருந்தேன்.

அதில் ஹன்னெஸின் ஓடை பழையது.
முகம் தெரியாது. ஹைலுவோத்தோ தீவுக்கு எதிரே
உறைந்த கடலைத் தினமும் துளையிட்டு
அளந்து போடுகிற மனிதர்.
'நாற்பத்தொன்று. வடகாற்று.
நாய் பாதி வழியில் உட்கார்ந்துகொண்டது.'
'முப்பத்தொன்பது. கையுறையைக் கவ்விக்கொண்டு
ஓடிவிட்டது சனியன்.'

செயலி சொன்னது:
பனி உறுதி. நடக்கலாம்.
ஒரு பொய்யும் இல்லை அதில்.
மூன்று வாரம் நானும் அந்த வரியின்மேல் நடந்தேன்.

இன்று பேருந்து தாமதம். கை சும்மா இராமல்
சுருக்கத்தைத் தள்ளி மூலத்தைத் திறந்தது.
'முப்பத்தெட்டு.'
நேற்று: 'முப்பத்தெட்டு. காற்றில்லை.'
கீழே, இன்னும் கீழே விரலை இழுத்தேன்.
பதினொரு நாளாக
நாய் இல்லை.

செயலி அதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்லும்.

அமைப்புகளுக்குள் தேடிப்பிடித்து
இந்த ஓர் ஓடைக்கு மட்டும் சுருக்கத்தை அணைத்தேன்.
பேருந்து வந்து கதவைத் திறந்து நின்றது.
ஒரு காலைப் படியில் வைத்தபடி
மறுபடி புதுப்பித்தேன்.

'முப்பத்தேழு. தென்காற்று.
கையுறை இரண்டும் பத்திரம்.'