புட்

பியாவிஸ்தோக்கில் நான் படித்த இங்கிலீஷ்
பரீட்சைக்குப் போதுமாக இருந்தது.
பென்ரித்தின் ஆட்டுப் பண்ணைக்காரர்களுக்குப் போதவில்லை.
அவர்கள் அரைவாய் திறந்துதான் பேசுவார்கள்,
மழை உள்ளே போய்விடுமோ என்பதுபோல.

அதிலும் ஒரு மூன்றெழுத்து வினை. புட்.
அடுப்பில் கெட்டிலைப் போட அது.
கோட்டைப் போட்டுக்கொள்ள அது.
சினை ஆடு சதை போட்டிருந்தால் அது,
வரமுடியாத பண்ணைக்கு நாளைத் தள்ளிப் போட்டால் அது,
வங்கியில் கொஞ்சம் போட்டு வைத்தாலும் அதுவே.
தீயை அணைப்பதற்கும்
ராத்திரி பூனையை வெளியே விடுவதற்கும்
ஒரே இரண்டு சொல்;
முகம் சுண்டிப்போன பெண்ணுக்கும் அதே இரண்டுதான்.
மச்சானை வீட்டில் தங்க வைத்தால் ஒன்று,
அதன் வாலில் ஒரு துண்டுச் சொல்லை ஒட்டினால்
மச்சானைச் சகித்துக்கொண்டிருக்கிறேன் என்று பொருள்.
இரண்டும் ஒரே வாரத்தில் நடக்கும் என்றாள்
மருத்துவமனை வரவேற்பில் இருந்த லோர்னா.

டைரியின் கடைசிப் பக்கத்தில்
பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தேன்.
வேலைக்குச் சேர்ந்த நாலாம் நாள், வியாழன்,
பதினேழு ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை டாக்டர்
ஒரு பசுவின் பிரசவத்துக்குப் போயிருந்தாள்.
எட்வின் ஃபியரன் தன் நாயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.
டெஸ். பதினாலு வயது.
பின்னங்கால் இரண்டும் விறைத்து,
ஒரு கண்ணில் பால் படர்ந்து,
ஆறு தடவை குட்டி போட்ட வயிறு தொங்கி.
மேசைமேல் கிடத்தினார். தொப்பியைக் கழற்றினார்.
சுவரில் இருந்த உண்ணி மருந்து விளம்பரத்தைப் பார்த்தபடி சொன்னார்:
புட் ஹெர் டவுன்.

பட்டியலைப் புரட்ட அவசியமே இல்லை.
புட், வைப்பது. டவுன், கீழே.
மேசை வழுக்குகிறது, பாவம், கிழவி பயப்படுகிறாள்
என்று நினைத்தேன்.
மார்போடு அணைத்துத் தூக்கி
மெதுவாய், நாலு காலும் பதிகிற மாதிரி
தரையில் இறக்கி விட்டேன்.

டெஸ் ஒருமுறை உடம்பை உதறிக்கொண்டாள்.
எடை மெஷினைச் சுற்றி நடந்து,
பிஸ்கட் டப்பா இருந்த அலமாரிக்குக் கீழே நின்று
திரும்பி எங்களைப் பார்த்தாள்.

ஃபியரனின் தோள் குலுங்கியது.
சிரிப்பு என்றுதான் முதலில் நினைத்தேன்.
"சரி, அப்படியே ஆகட்டும்" என்றார் கடைசியில்,
என்னிடமா நாயிடமா, தெரியவில்லை.
கூட்டிக்கொண்டு போய்விட்டார்.
லோர்னா வந்து அர்த்தம் சொன்னாள்.
கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன்.

அது மார்ச்.
ஏப்ரலில், ஆடுகள் ஈனும் காலம் முழுக்க
வைக்கோல் கட்டின்மேல் உட்கார்ந்து
எல்லாரையும் அதிகாரம் பண்ணினாளாம்.
ஜூனில் தபால்காரரைப் பார்த்து
ஊரைக் கூட்டுகிற மாதிரி சத்தம் போட்டாளாம்.
கேள்விப்படும் ஒவ்வொரு முறையும்
எனக்கு ஏதோ சம்பளம் கூடினாற்போல இருக்கும்.

நவம்பரில் மறுபடி வந்தார்.
இந்த முறை அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.
தாளை நீட்டினேன், கையெழுத்துப் போட்டார்.
டாக்டர் ஊசி போட்டாள்.
முன்னங்காலைப் பிடித்திருந்தது நான்.
இனிப் பிடிக்க வேண்டியதில்லை என்று
கைக்குத்தான் முதலில் தெரிந்தது.

"உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்வீங்க?"
சொன்னேன். உஷ்பிச்.
தொட்டிலில் பிள்ளையைத் தூங்கப் பண்ணுவதற்கும் அதுதான்.
இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், இரண்டும் தப்பு.
நான் திருத்தவில்லை.

தன் கோட்டிலேயே அவளைச் சுற்றி
பிக்கப் வண்டியின் பின்னால் கிடத்தினார்.
தூறல். வெறும் சட்டையோடு நின்றார்.
பிறகு இடப்பக்கக் கதவைத் திறந்து
தூக்கி ஏற்றக் குனிந்துவிட்டார்.

குனிந்தபடி கொஞ்ச நேரம்.
கதவைச் சாத்திவிட்டுச் சுற்றிப் போனார்.
கியர் போடும் சத்தம்
இரண்டு தடவை கேட்டது.