பதினான்கு மணி நேரம்

கோழிக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை.
இறகுக்குள் தலையைச் செருகிக்கொண்டு
மைனஸ் இருபதையும் தூங்கியே தாண்டிவிடும்.
அது கேட்பது வெளிச்சம்,
நாளைக்குப் பதினான்கு மணி நேரம்.
கூசமோவில் டிசம்பர் தருவது மூன்று சொச்சம்,
அதுவும் பால் பாத்திரம் கழுவிய தண்ணீர் மாதிரி.

மிச்சத்தை நான் தந்தேன்.
நாற்பது வாட் குண்டு பல்பு,
சுவரில் டிக் டிக்கென்று ஒரு டைமர்.
விடிகாலை மூன்றுக்குப் பற்றும், மாலை ஐந்துக்கு அணையும்.
அணையும் நேரத்தில்
கட்டை ஏறாமல் நிற்பவள் ஒருத்தி எப்போதும் உண்டு,
முஸ்திக்கா, கறுப்பி.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அவளைத் தூக்கி வைப்பேன்.
ஐந்து முட்டை, சில நாள் ஆறு.
இருபது நிமிடம் பிந்தினால்
உறைந்து நெடுக்காக வெடித்திருக்கும்.
வெடிக்காதவை ஓர்வொக்கியின் கடைக்கு.

பனி வாரும் வண்டி ஓட்டுகிற வெய்யோ
ஏரிக்கு அந்தப் பக்கம் வரும்போது
என் கூட்டில் விளக்கு பற்றுமாம்.
அதைப் பார்த்துத்தான்
இரண்டாவது காப்பியை ஊற்றிக்கொள்வானாம்.

சுகாதார நிலையத்தில் எனக்கும் ஒரு விளக்கு எழுதிக் கொடுத்தார்கள்.
பத்தாயிரம் லக்ஸ்.
காலையில் அரை மணி எதிரே உட்காருங்கள்,
நேராக உற்றுப் பார்க்காதீர்கள் என்றாள் நர்ஸ் சிர்க்கா.
உட்கார்ந்தேன்.
வாரத்துக்கு எத்தனை எதிர்பார்க்கிறீர்கள் என்று
கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

ஜனவரியில் ஒரு பைன் மரம்
கம்பிமேல் சாய்ந்தது.
இரண்டு நாள் மின்சாரம் இல்லை.
மூன்றாம் நாள் வந்தது.
டைமரைத் திருத்தி வைக்கக் கூட்டுக்குப் போனேன்.
தரையெல்லாம் இறகு,
யாரோ தலையணையைக் கிழித்தாற்போல.
கட்டையில் ஏழு உருண்டை, தலையே இல்லாமல்.
முஸ்திக்காவும் மேலே இருந்தாள்,
தானே ஏறியிருக்கிறாள்.

திருகியில் விரலை வைத்தேன்.
கால் மரத்துப்போகும் வரை நின்றேன்.
பிறகு பிளக்கைப் பிடுங்கினேன்.

ஓர்வொக்கி கடையில் சீட்டு ஒட்டினாள்: முட்டை இல்லை.
வெய்யோ போன் போட்டான்:
உயிரோடு இருக்கிறாயா?
இருக்கிறேன். கோழிகள் லீவு.
கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.
அப்போ என் காப்பி, என்றான்.

அன்று இரவே டைமரைச்
சமையலறை ஜன்னலுக்கு மாற்றினேன்.
மூன்றுக்கு அங்கே பல்பு எரிந்தது.
அவன் காப்பி ஊற்றிக்கொண்டான்.
நான் தூங்கினேன்.
யாரும் எதையும் இடவில்லை.

மார்ச் எட்டாம் தேதி
தவிட்டு மூட்டைக்குப் பின்னால் ஒன்று கிடந்தது.
சின்னது, ஓரத்தில் ரத்தக் கீற்று, கைக்குச் சூடு.
யார் என்று தெரியவில்லை,
ஏழு பேரும் வாசல் பக்கம்
வேறு வேலை இருப்பதுபோல் நின்றார்கள்.

கடைக்குக் கொடுக்கவில்லை.
வெண்ணெயில் பொரித்து
அடுப்படியிலேயே நின்றபடி தின்றேன்.
ஓர்வொக்கியின் சீட்டு
இன்னும் ஒரு வாரம் ஒட்டியிருக்கட்டும்.