இரண்டு மணி ஐம்பது நிமிடம்

ஹட்டனில் மூன்று நாளாக மழை.
கொழுந்து மூட்டை சுமந்து ஒரு பக்கம் இறங்கிய தோளோடு
மாடிப்படியெல்லாம் சொட்டச் சொட்ட
வந்து நின்றார் சவரிமுத்து.
டிக்கெட் வேண்டாமாம்.
ஒரு கணக்கு மட்டும் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

கொழும்பிலிருந்து எவ்வளவு நேரம் என்றுதான்
எல்லோரும் கேட்பார்கள்.
தோஹா, ரியாத், குவைத்,
திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவேன்,
கட்டுநாயக்கவின் கண்ணாடிக் கதவைத் தாண்டியிராத நான்.

இவர் கேட்டது வேறு.
"அம்மான்லருந்து புக்காரெஸ்ட் எம்புட்டு தூரம், தங்கச்சி?"

அம்மானில் ரோஸ்மலர்.
ஒரு பல் டாக்டர் வீட்டில், ஆறு வருசம்.
(தாய்மாமன் பேருல ஒரு ஊரு பாரேன்
என்று சிரித்தார், மேசை விளிம்பைப் பார்த்து.)
புக்காரெஸ்டில் மகன் டிலக்சன்.
மாசியில் போனவன், கம்பி கட்டுகிறான்.
நடுவில் இவர்,
இல்லை,
நடுவில் இவர் இல்லை. கணக்கே அதுதான்.

தட்டினேன்.
ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்.
கிலோ என்றால் அவருக்குத் தராசு.
நேரத்தைச் சொல்லு என்றார்.
இரண்டு மணி ஐம்பது நிமிடம்.

விரல் மடக்கினார்.
"காலையில பெரட்டுக்கு நின்னு, மல ஏறி,
பத்து மணித் தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ளயா?"
ஆமாம்.
"இங்கருந்து ஏர்போட்டுக்கு பஸ்ஸே
அஞ்சு மணித்தியாலம் போகுதே.
அப்ப ரெண்டு பேரும் பக்கத்துலதான் இருக்காங்க."

அங்கே இப்போது கோடை,
இரண்டு ஊர்க் கடிகாரமும் ஒரே மணி காட்டும்.
கேட்காததையும் சொன்னேன்.
"ஒண்ணாத்தான் விடியுதா?"
லயத்தில் கரண்ட் வந்தது போல் ஆனது முகம்.

ஆறு வருசத்தில் ரோஸ்மலருக்கு
ஒரு திரும்பும் டிக்கெட்டும் நான் போட்டதில்லை.
பாஸ்போட் யார் வீட்டு அலுமாரியிலோ.
மகனுக்கு எந்த விசா, எத்தனை மாதம்,
அவன் கேம்புக்கு ஞாயிறு உண்டா,
திரையில் வராது. நானும் கேட்கவில்லை.

பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார். இருபது ரூபாய்.
சம்பளத் துண்டு வைத்திருந்த பையில்
மடித்து வைத்து, உறையின் வாயை
இரண்டு முறை முறுக்கினார்.

பாதிப் படியில் இருந்து குரல்:
"திரும்பி வாறதுக்கும் அதே நேரந்தானா?"
எதிர்க்காற்று இருந்தால்
பத்து நிமிடம் கூடலாம் என்றேன்.

மேலே வந்தார் மறுபடி,
பையைப் பிரித்தார்.
அந்தப் பத்து நிமிடத்தையும்
பேனாவால் எழுதித் தரச் சொன்னார்.