எழுதியோர் பற்றி

ஆளுக்கு இரண்டு வரிதான் கேட்டிருந்தேன்:
பெயர், ஊர், தொழில்.
கடைசிப் பக்கம், ஒன்பது புள்ளி எழுத்து.
எழுதியவர்களைத் தவிர
வேறெவரும் வாசிக்காத இடம்.

மூதூர் றிஸ்மியா பதினொரு வரி அனுப்பியிருக்கிறாள்.
ஆஸ்பத்திரியில் இரவு முறை,
வாப்பா தோணியை விற்ற வருஷம்,
இறங்குதுறையில் தொலைந்த ஒற்றைச் செருப்பு,
அதன் நிறம்.
"கதையில வெட்டுங்க சேர்,
இதுல கை வைக்காதீங்க" என்கிறாள் தொலைபேசியில்.
பின்னால் யாரோ இருமுகிறார்கள்.
கட்டில் சில்லு உருளுகிறது.

சீனக்குடா மாவாலையில் மூட்டை எண்ணும் குகவரதன்
தொழிலைப் போட வேண்டாம் என்றார்.
உங்கட மனேஜர் கவிதை வாசிப்பாரோ?
"அவர் வாசியார். வாசிச்சவன் போய்ச் சொல்லுவான்."
சரியென்று அழித்தேன்.
அவருடைய கவிதையின் முதல் சொல்லே
மாவாலை.
நினைவூட்ட மனம் வரவில்லை.

கந்தளாய் சமன்மலி
சிங்களத்தில் எழுதித் தானே தமிழாக்கிய கதை.
'இரவோடிரவாக வெல்லம் வந்து
வயலை மூடியது.'
திருத்தினேன்.
படுத்த பிறகும்
இனித்துக்கொண்டே கிடந்தது அந்த வயல்.
விடிந்ததும் அழைத்து
இப்படியே விடுவோமா, அழகாயிருக்கிறது என்றேன்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"எங்கள் வீட்டில் நெஞ்சு வரைக்கும் தண்ணீர், ஐயா.
பிழை என்றால் திருத்துங்கள்.
அழகு என்று சொல்ல வேண்டாம்."
ள போட்டேன்.
பேனா அழுந்தி
அடுத்த தாளிலும் அந்த எழுத்து விழுந்திருந்தது.

நிலாவெளி முத்திரை பாதி தெரியும் உறையில்
பெயரில்லாமல் ஒன்று வந்தது.
அவனோ அவளோ.
நல்ல கவிதை. அல்லது
பெயர் இல்லாததால் நல்லதாகத் தெரிகிறது.

முத்துராக்கு ஒரு கோடு கேட்டார்.
பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயம்.
எழுபத்தேழில் லொறி.
பிறகு முகாம், காடு வெட்டிய குடியிருப்பு,
மறுபடி முகாம், அதற்குள் மூன்று இடம்,
இப்போது கன்னியா வீதியில் சைக்கிளுக்கு ஒட்டுப்போடும் கடை.
"ஊருங்கிற எடத்துல
ஒரு கோடு போட்டுருங்க சார்."
எவ்வளவு நீளத்துக்கு என்று விளையாட்டாகக் கேட்டேன்.
அவர் விளையாடவில்லை.
ரியூபைத் தண்ணீரில் அமுக்கி
குமிழி வரும் இடம் பார்த்துக்கொண்டே சொன்னார்:
"பக்கத்து ஆளோட ஊர்ப் பேரு
எவ்ளோ நீளமோ அவ்ளோ."

யாரை முதலில் போடுவது என்றும் ஒரு சண்டை.
அகரவரிசை என்றேன்.
கிரந்த எழுத்தில் தொடங்குகிறவர்கள்
எப்போதும் கடைசியா என்றார்கள்.
வயது என்றேன்.
பெண்கள் இருவர் கதையைத் திருப்பிக் கேட்டார்கள்.
வந்த வரிசையிலேயே விட்டுவிட்டேன்.

பத்து மணிக்கு மின்சாரம் போனது.
பிழை பார்த்த தாள்களை வாசற்படியில் வைத்து
மெழுகுதிரி தேடி வருவதற்குள்
கோட்டைப் பக்கமிருந்து இறங்கிய மான் ஒன்று
கடைசிப் பக்கத்தை மென்றுகொண்டிருந்தது.
பிடுங்கினேன்.
மிஞ்சியது றிஸ்மியாவின் செருப்பு,
முத்துராக்குவின் கோட்டில் பாதி.
விரட்டியும் அது போகவில்லை.
கழுத்தை நீட்டி
இன்னும் இருக்கிறதா என்பதுபோல் நின்றது.

என்னுடைய இரண்டு வரியை
நான் இன்னும் எழுதவில்லை.