நாலில் இரண்டு

முதலில் முட்டைக்கோஸ் சூப்.
பதினோரு நாள்.
பன்னிரண்டாம் நாள் மதியம்
மேல் நிலையத்தின் கதவைச் சாத்திக்கொண்டு
யாரோ மறந்துபோன எம்பனாதாவை
யாருடையது என்று கேட்காமல் தின்றேன்.
வெங்காயம் சட்டைவரை வழிந்தது.

பிறகு, ரொட்டியே தொடுவதில்லை என்றொரு சபதம்.
வால்பரைசோவில்!
விடிகாலை ஆறு மணிக்கு
குன்று முழுக்க அடுப்புகள் மூச்சுவிடும் ஊரில்.
ஒன்பது கிலோ குறைந்தேன்.
பதினான்கு ஏறினேன்.
கணக்கு அவ்வளவுதான்.

நான் நொல்பெர்த்தோ கார்க்கமோ.
குன்றேறும் பெட்டியை ஓட்டுபவன்.
ஓட்டுவது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை,
ஒரு பெட்டி ஏற ஒரு பெட்டி இறங்கும்,
நடுவில் ஒரு கம்பிவடம்,
இருபத்தாறு வருஷமாக நெம்புகோலில் என் கை.
எத்தனை பேர் ஏறியிருக்கிறார்கள் என்று
வடத்தின் முனகலை வைத்தே சொல்லிவிடுவேன்.
என் முனகல்தான் எனக்குக் கேட்டதில்லை.
ஷூ நாடா கட்டக் குனிந்த ஒருநாள்
பள்ளிச் சீருடையில் ஒரு குட்டி கேட்டாள்:
"மாமா, உள்ளே யாராவது இருக்கிறார்களா?"

சுகாதார நிலையத்தில் யஸ்னா தாப்பியா
அச்சடித்த தாள் எதையும் நீட்டவில்லை.
"எதை உங்களால் விட முடியாது?" என்றாள்.
எதை விடுவாய் என்றுதான்
அதுவரை எல்லோரும் கேட்டிருந்தார்கள்.
யோசித்தேன். வெட்கமாக இருந்தது.
"மாலை ஏழு மணியை."
எழுதிக்கொண்டாள்.

ஏழு மணி என்றால்
தேநீர், ரொட்டி, உப்புத் தூவி மசித்த அவகாடோ,
செய்தித்தாளின் மரண அறிவிப்புகளை
உரக்க வாசிக்கும் எதெல்மிரா.
தெரிந்த பெயர் வந்தால் இன்னொரு கோப்பை.
அந்த சூப் நாட்களில் நான்
அறைக்குள் குப்புறக் கிடந்தேன்.
அவள் சுவருக்கு வாசித்தாள்.

எங்கள் ஊர் ரொட்டிக்கு நாலு பிளவு.
சூளையிலேயே
பாகப்பிரிவினைக்கு ஒத்துக்கொண்டு வருவது.
கத்தி வேண்டாம், கட்டைவிரல் போதும்.
ஐம்பத்துமூன்று வருஷம்
அந்தக் கோடுகளைப் பார்க்காமலே விழுங்கியிருக்கிறேன்.
இப்போது எனக்கு இரண்டு, அவளுக்கு இரண்டு.
மதியத்துக்கு டப்பாவில்
பூசணி போட்டு வேகவைத்த பீன்ஸ்.
தொத்திறைச்சிக்கு ஞாயிற்றுக்கிழமை.

முதல் மாதம் எண்ணூறு கிராம்.
"ஒரு கோழி அளவுகூட இல்லையே" என்றாள் எதெல்மிரா.
இரண்டாம் மாதம் ஒன்றுமில்லை.
செப்டம்பர்த் திருவிழா வாரத்தில்
ஒன்றரைக் கிலோ திரும்பி வந்தது.
யஸ்னாவிடம் ஒப்புக்கொண்டேன்.
"ஆடினீர்களா?"
ஆடினேன்.
"அப்போ சரி."

என்ன சரி!
என் பெட்டியும் இப்படித்தான், மெல்ல மெல்ல ஏறும் என்று
ஓர் உவமை சொல்லிக்கொள்ள ஆசைதான்.
பெட்டிக்குப் பசிக்காது.
எனக்கு இரவு பத்தரைக்குப் பசிக்கும்.
பசியா பழக்கமா என்று
குளிர்பதனப் பெட்டியின் வெளிச்சத்தில் நின்று விசாரிப்பேன்.
சில நாள் நான் ஜெயித்தேன்.
சில நாள் சீஸ்.

இரண்டு குளிர்காலம் போயிற்று.
பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டாயிற்று.
ஒன்று. ஒன்றுதான்.
நான் நாலு ரொட்டி வாங்கிய கடையில்
ஒன்று கேட்கத் தொடங்கிய வாரம்
உலீசஸ் குரலைத் தாழ்த்திக் கேட்டான்:
"வீட்டில் யாராவது தவறிவிட்டார்களா?"

நேற்று வாசித்துக்கொண்டே வந்தவள்
சட்டென்று நின்றாள்.
நொல்பெர்த்தோ கார்க்கமோ.
வேறு குன்று, வேறு கார்க்கமோ,
மீன்சந்தையில் எடை போட்டவராம்.
எதெல்மிரா என்னைப் பார்த்தாள்.
தாளைப் பார்த்தாள்.
இன்னொரு கோப்பை ஊற்றினாள்,
தன் பங்கிலிருந்து ஒன்றைப் பிட்டு
என் தட்டில் வைத்தாள்.
அவருக்காகத் தின்றேன்,
வெண்ணெய் தடவி.

இன்று மறுபடி இரண்டு.